கால்மிதி மறுபடியும் நனைந்துவிட்டது

காலை 6:12
நான்: நாய்க்குட்டியும் நானும் வாசலில் இருபது நிமிடம் நின்றோம், அது ஒன்றுக்குப் போகவில்லை. உள்ளே வந்ததும் நேராகக் கால்மிதிக்குப் போய் நனைத்துவிட்டது. அண்ணா, விழித்துவிட்டாயா?

சித்தப்பா: மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்துவிடு. நாங்கள் அப்படித்தான் பழக்கினோம்.

அண்ணன்: வேண்டாம் சித்தப்பா, தயவுசெய்து. 'இங்கே போகக் கூடாது' என்று அதற்குப் புரியாது. 'இவர்கள் கண்ணில் படாமல் போக வேண்டும்' என்றுதான் புரியும். என் முதல் குட்டியை அதட்டி அதட்டியே கட்டிலுக்கடியில் ஒளிந்து போக வைத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அண்ணன்: எத்தனை வாரக் குட்டி?

நான்: 9.

அண்ணன்: அந்த வயதில் பகலில் 2 மணி நேரம் அடக்கினாலே பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோ. தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடு.

நான்: வெளியே போனால் இலையைக் கடிக்கிறது, எறும்பின் பின்னால் போகிறது. வந்த வேலை மறந்துவிடுகிறது.

அண்ணன்: தினமும் ஒரே மூலைக்குக் கொண்டுபோ. பேச்சுக் கொடுக்காதே, பேசாமல் நில். ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் உள்ளே வந்து மடியிலேயே வைத்துக்கொள், தரையில் விடாதே. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போ. போனால் அங்கேயே, அந்த நொடியே தின்பண்டம் கொடு. உள்ளே வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்றே அதற்குத் தெரியாது.

அம்மா: கால்மிதியை எதில் துவைத்தாய்? வாடை இருக்கும்வரை அங்கேதான் போகும்.

நான்: அம்மோனியா கலந்த திரவத்தில்.

அண்ணன்: அந்த வாடையே சிறுநீர் வாடையை ஒத்தது! சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் உள்ள திரவம் வாங்கு. கால்மிதியைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடு.

சித்தப்பா: நான் போய்த் தலையைத் தடவினால் வாலாட்டிக்கொண்டே சொட்டுகிறதே, அது திமிர்தானே?

அண்ணன்: இல்லை சித்தப்பா, அது பணிவு. உயரமான ஆள் மேலே குனிந்தால் சில குட்டிகள் அப்படித்தான் செய்யும். நீங்கள் தரையில் உட்காருங்கள், அதுவாகவே வரட்டும்.

இரவு 9:40
நான்: காலைக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வீட்டுக்குள் நனைத்தது. நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மூலைக்கு மூன்று முறை அதுவாகவே என்னை இழுத்துப் போனது, அம்மா!

அம்மா: என் தங்கம்.

அண்ணன்: இரவில் ஒரு முறை எழுந்து கொண்டுபோ, விளையாட்டுக் காட்டாதே. அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, இரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டு. அது பழக்கக் குறை அல்ல.

மறுநாள் மாலை 5:50
சித்தப்பா: வந்திருக்கிறேன். தரையில்தான் உட்கார்ந்தேன். ஒரு சொட்டும் இல்லை. இப்போது என் மடியில் தூங்குகிறது.

அண்ணன்: கண் திறந்ததும் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடுங்கள், சித்தப்பா.

சித்தப்பா: செருப்பைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.