கடைசி பஸ்ஸில் கலெக்ஷன் இல்லையாம்

ஹட்டிக்காரன்:
கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, ராத்திரி எட்டரைக்கு ஒரு பஸ் வரும். ஊரிலேயே நின்று காலை ஆறுக்குக் கிளம்பும். அந்த நைட் ஹால்ட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது கடைசி நடை ஐந்தேகால். கேட்டால் "கலெக்ஷன் இல்லை" என்று ஒரே பதில்.

ராத்திரி நடையில் ஏழெட்டுப் பேர்தான் வருவோம், மறுக்கவில்லை. ஆனால் காலையில் அந்த பஸ்ஸில் போனதும் நாங்கள்தானே? திரும்ப வண்டி இல்லை என்றால் காலையில் எதற்கு ஏறுவோம்? பைக் இருப்பவன் பைக்கை எடுத்தான், இல்லாதவன் டவுனில் ரூம் பிடித்தான். இப்போது காலை நடையிலும் கலெக்ஷன் விழுந்துவிட்டதாம். அடுத்த கத்தரி அதற்குத்தான். ஐந்தேகாலைத் தவறவிட்டால் கைகாட்டியில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. ரோட்டில் காட்டெருமை நிற்கும், தேயிலைக்குள் கரடி இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஐம்பது சீட் வண்டி செகண்ட் கியரில் மலை ஏறி எட்டுப் பேரை இறக்கினால் டீசலுக்கே கட்டாது. அதே வண்டியை குன்னூர் மெயின் ரோட்டில் விட்டால் படியில் தொங்குகிறவர்கள் உள்ளே வருவார்கள். ஹட்டிகளுக்கு மினி பஸ்தான் சரி. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறது. 25 கிலோமீட்டர் வரை தனியாருக்கு பெர்மிட். குறுகிய ரோட்டில் சின்ன வண்டி சுலபமாகத் திரும்பும். முதலாளி உள்ளூர்க்காரர் என்றால் வண்டி ராத்திரி ஊரில்தான் நிற்கும், நைட் ஹால்ட்டுக்கு மனு எழுதும் வேலையே இல்லை.

ஹட்டிக்காரன்:
கடைசி வரி நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திட்டத்தில் பாதையின் பெரும்பகுதி ஏற்கெனவே பஸ் போகாததாக இருக்க வேண்டும். எங்கள் ரோட்டில் பகலில் கவர்மென்ட் பஸ் ஓடுகிறதே. பகலில் ஓடுவதால் மினி பஸ் கிடைக்காது, ராத்திரி ஓடாததால் நாங்கள் நடக்கிறோம்.

தோட்டத்து அக்கா:
மினி பஸ் என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. 2021 மே மாதம் சமவெளியில் சாதாரண டவுன் பஸ்ஸெல்லாம் பெண்களுக்கு இலவசம் ஆனது. எங்கள் மலைக்கு அது வரவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு வந்தது 2024இல்தான். தனியார் மினி பஸ்ஸில் அது செல்லாது. மூன்று வருடம் காத்திருந்து வாங்கியதை ஒரு பெர்மிட்டில் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா? கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வருமா என்பதையும் யோசியுங்கள்.

அப்புறம் இந்தக் கலெக்ஷன். பஸ்ஸில் பாதிப்பேர் எங்கள் மாதிரி பூஜ்யம் போட்ட டிக்கெட்டுதான் வைத்திருக்கிறோம். வண்டி நிறைந்திருக்கும், கண்டக்டர் பை காலியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அந்த டிக்கெட்டுக்கான பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு தருகிறது. அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

தோட்டத்து அக்கா:
கழகத்துக்கு மொத்தமாக வருகிறது, சரி. அது எங்கள் ஹட்டி நடையின் பேரில் எழுதப்படுகிறதா? சாயங்காலம் டிப்போவில் எண்ணுவது கையில் இருக்கும் காசைத்தானே?

பழைய கண்டக்டர்:
பதினோரு வருடம் நைட் ஹால்ட் பார்த்தவன். ஊர் பேர் வேண்டாம். இரண்டு விஷயம் சொல்கிறேன், இரண்டு பக்கமும் கோபப்படுங்கள்.

நைட் ஹால்ட்டை எடுத்தால் மிச்சம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. எட்டரைக்கு ஏறிய வண்டி அன்றைக்கே இறங்கினால் காலியாக இறங்கும், காலையில் ஏறும்போதும் காலி. மேலேயே நின்றால் அந்த இரண்டு காலி ஓட்டமும் இல்லை. எங்கள் காலத்தில் மலை ரூட் எல்லாம் அப்படித்தான் போட்டார்கள்.

ஆனால் ஹட்டிக்காரத் தம்பி, நாங்கள் எங்கே படுத்தோம் என்று ஊரில் யாராவது கேட்டீர்களா? கடைசி நீளச் சீட்டில் டிரைவர், அதற்கு முன்சீட்டில் நான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. காலையில் முன்கண்ணாடி வெள்ளையாக இருக்கும், டிரைவர் துணி வைத்துத் தேய்ப்பார். கக்கூசுக்குத் தோட்டத்துக்குள் டார்ச் அடித்துப் போக வேண்டும். இன்றைக்கு வேலைக்கு வருகிற பையன்கள் அந்த டியூட்டி வேண்டாம் என்கிறார்கள், நியாயம்தான். ஆள் போக மாட்டேன் என்கிறான் என்று ஃபைலில் எழுத முடியாது. கலெக்ஷன் இல்லை என்று எழுதலாம்.

மலைச்சாரல்:
பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் பேசவில்லையே? சென்னையில் 2025இல் விட்ட மின்சார பஸ்களுக்கு ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். உள்ளே எத்தனை டிக்கெட் விற்றது என்பது அந்தக் கம்பெனியின் கவலை இல்லை. ஹட்டி நடைக்கும் அப்படிக் கொடுக்கலாம். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸ் இருக்கிறது, 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். இப்போது பாஸ் இலவசம். ஒரு சின்னக் கட்டணம் வைத்து அதைக் கிராம பஸ்ஸுக்கென்று ஒதுக்கினால் போதும்.

கணக்குப்பிள்ளை:
அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இ-பாஸ் வந்ததிலேயே பாதிப்பேர் வேறு மலைக்குப் போய்விட்டார்கள்.

மலைச்சாரல்:
அண்ணா காட்டேஜ் நடத்துகிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு ரூம். அதனால் என்ன? என் ரூமைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவும் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே கிளம்பிவிடுகிறார். எனக்கும் அதில் நஷ்டம்தான்.

தோட்டத்து அக்கா:
அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
சரி, ராத்திரி நடையையும் காலை நடையையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போடட்டும், பூஜ்ய டிக்கெட்டையும் எண்ணட்டும். அப்போதும் நஷ்டம் என்றால் மினி பஸ் பற்றி மறுபடி பேசுவேன். இ-பாஸ் கட்டணத்துக்கு மட்டும் வர மாட்டேன்.

ஹட்டிக்காரன்:
கண்டக்டர் அண்ணா, நீங்கள் சொன்னது உறைத்தது. சமுதாயக் கூடத்தில் ஒரு ரூம் சும்மா பூட்டிக் கிடக்கிறது, பின்னால் கக்கூசும் உண்டு, தண்ணீர் இணைப்புதான் இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் முதலில் அந்தக் குழாயைக் கேட்கிறேன். பஸ்ஸை அதற்கு அடுத்த வரியில் எழுதுகிறேன்.

பழைய கண்டக்டர்:
இரண்டு கம்பளியையும் எழுதுங்கள் தம்பி.