ஃபுட்பால் கோச் டச்லைன்ல (ஓரக் கோட்டுல) கத்திக்கிட்டே இருந்தா டீம் பதறுதா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

கோத்தகிரி_ஸ்டாப்பர்:
எஸ்டேட் பசங்க ஃபுட்பால் டீம், 11 பேர் ஆட்டம். கோச்சுக்கு ஆட்ட அறிவு நல்லாவே இருக்கு, பிராக்டிஸும் ஒழுங்கா நடக்குது. ஆனா மேட்ச்ல முதல் விசில்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தம்தான். ஒரு கோல் வாங்கினா கொஞ்ச நேரத்துலயே இன்னொண்ணும் விழுது. பேக்ஸ் (பின்னாடி தடுத்து ஆடறவங்க) பந்து கேக்கவே தயங்கறாங்க, வந்தாலும் தூக்கி அடிச்சுடறாங்க. இதுக்குக் காரணம் கோச்சோட சுபாவமா, ஸ்டாமினாவா? அவரை மாத்தற யோசனை கிடையாது. பசங்க அவர்மேல உயிரா இருக்காங்க.

குன்னூர்_லெஃப்ட்பேக்:
தம்பி, முதல்ல காரணத்தைப் பிரிச்சுப் பாருங்க. பாதி ஆட்டத்துல டீம் பக்கம் மாறும், கோச் நிக்கற இடம் மாறாது. முதல் பாதியில அவர் கண்ணு முன்னாடி ஓடற ரைட் பேக், அடுத்த பாதியில எதிர்க்கோட்டுக்குப் போயிடுவான். லெஃப்ட் பேக் அவர் காதுகிட்ட வந்துடுவான். எந்தப் பாதியில யார் பந்து கேக்காம ஒதுங்கறான், யார் பாக்காம தூக்கி அடிக்கறான்னு ஒரு நோட்டுல குறிங்க. மூணு நாலு மேட்ச் போதும். தப்பு கோச் நிக்கற பக்கமே குவிஞ்சா, சத்தம்தான் காரணம். ரெண்டு பக்கமும் கடைசி 20 நிமிஷத்துல சமமா வந்தா ஸ்டாமினா.

பந்து வர்றதுக்கு முன்னாடி பேக் தோளுக்கு மேல ஒரு தடவையாவது பின்னாடி பாக்கணும். சரியா அந்த நேரத்துல "குடுடா, அடிடா"ன்னு குரல் வந்தா தலை கோச் பக்கம் திரும்பிடும். பந்து காலுக்கு வரும்போது எதிராளி எங்கே இருக்கான்னு அவனுக்குத் தெரியாது. அப்புறம் தூக்கி அடிக்கறதைத் தவிர வேற வழியில்லை. மலையில காத்தோட அடர்த்தி குறைவு வேற, பந்து நம்ம ஃபார்வர்டையும் தாண்டி எதிர் கீப்பர் கைக்கே போயிடும். திரும்பவும் திட்டு. அடுத்த தடவை அவன் பந்தே கேக்க மாட்டான்.

அதனால பந்து வெளியே இருக்கும்போது மட்டும் பேசச் சொல்லுங்க: த்ரோ, கோல் கிக், ஃபவுலுக்கு விசில் அடிச்சப்ப. "என்னடா பண்றே"ன்னு கேட்டா பையன் என்ன பண்ணுவான்? "உடம்பைத் திருப்பி வாங்கு", "ரெண்டடி உள்ளே வா"ன்னா செஞ்சுடுவான்.

கோல் வாங்கின உடனே பசங்க பாக்கறது கோச் முகத்தைத்தான். அவர் தலையில கை வச்சாலோ, பெஞ்சைப் பாத்துத் திரும்பிக்கிட்டாலோ சேதி போயிடுச்சு. அந்த இடைவெளியில கேப்டனுக்கு ஒரே ஒரு சைகை: அடுத்த 5 நிமிஷம் சைடு பேக் ரெண்டு பேரும் ஏற வேண்டாம், சென்டர் கிக்கைப் பின்னாடி குடுத்து ஆரம்பிங்க. இதைப் பிராக்டிஸ்லயே பழக்கி வச்சிருக்கணும்.

இடைவேளை விதிப்படி அதிகபட்சம் 15 நிமிஷம். உள்ளூர் டோர்னமென்ட்ல 10 கூட கிடைக்காது. முதல் 3 நிமிஷம் பேச்சே வேண்டாம், நனைஞ்ச ஜெர்ஸியை மாத்தி ஜாக்கெட் போடட்டும். அப்புறம் ரெண்டே விஷயம் சொன்னா போதும். கடைசி 2 நிமிஷம் எழுந்து குதிக்க விடுங்க, இந்தக் குளிர்ல கால் இறுகிடும்.

கூடலூர்_செவன்ஸ்:
அண்ணா சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா அமைதியான கோச்தான் நல்ல கோச்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். இத்தாலிக்காரர் ஆன்செலோட்டி அலட்டாத மனுஷன், மேனேஜரா 5 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) ஜெயிச்சவர். ஃபெர்குசன் கோபத்துக்குப் பேர்போனவர், அவரும் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜரா 1986ல இருந்து 2013 வரைக்கும் கோப்பையா குவிச்சார். எதுக்குக் கோபம் வரும், எப்ப அடங்கும்னு பசங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கோபத்தோட வாழ்ந்துடுவாங்க. போன வாரம் சிரிச்ச தப்புக்கு இந்த வாரம் திட்டினாத்தான் டீம் உடையும்.

இன்னொண்ணு, வெறும் தைரியம் சொல்றது உதவாது. 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல லிவர்பூல் இடைவேளைக்கு 0-3. கோச் பெனிட்டெஸ் நடு ஆட்டக்காரர் ஹாமனை இறக்கினார், பின்னாடி 3 பேரா மாத்தினார். அப்புறம் 6 நிமிஷத்துக்குள்ள 3 கோல். நம்ம இந்திய டீம் கோச் ரஹீம் சாரும் அப்படித்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தலையில அடிபட்ட டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டா ஆட விட்டார். ஃபைனல்ல தென் கொரியாவுக்கு எதிரா அவர் ஒரு கோல் போட்டார், 2-1, தங்கம். கோச் கைவசம் வழி வச்சிருக்கார்னு தெரிஞ்சா பசங்க தானா நிதானத்துக்கு வருவாங்க.

வெலிங்டன்_லைன்ஸ்மேன்:
ரெஃப்ரி விஷயத்தையும் கவனிங்க. கோச் ஒவ்வொரு ஃபவுலுக்கும் கை தூக்கினா, பசங்களும் ஆட்டத்தை விட்டுட்டு முறையிடுவாங்க. எதிர் டீமோட குயிக் ஃப்ரீ கிக் அப்பதான் உள்ளே போகும். 2019ல இருந்து பெஞ்சுக்கும் மஞ்சள், சிவப்பு கார்டு உண்டு. தப்பு பண்ணது யாருன்னு தெரியலைன்னா சீனியர் கோச்சுக்குத்தான் கார்டு. 2023 சாஃப் (தெற்காசிய) கோப்பையில அப்போதைய இந்திய கோச் ஸ்டிமாச் ரெண்டு தடவை சிவப்பு வாங்கினார். செமி ஃபைனல், ஃபைனல் ரெண்டையும் உதவி கோச் மகேஷ் காவ்லி நின்னு நடத்தினார். அங்கே ஒரு காவ்லி தயாரா இருந்தார், கப்பும் வந்தது. உங்க பெஞ்சுல யார் இருக்காங்க?

கோத்தகிரி_ஸ்டாப்பர்:
நன்றி அண்ணா, சார். இந்த ஞாயித்துக்கிழமையே நோட்டு போடறேன். பெஞ்சுல ரெண்டாவது ஆள் கிடையாது, சீனியர் கீப்பர்கிட்ட கேக்கணும். ஒரு சந்தேகம்: பனிமூட்டம் இறங்கினா சைகை தெரியாது, அப்ப கத்தித்தானே ஆகணும்?

குன்னூர்_லெஃப்ட்பேக்:
மூணே வார்த்தை முடிவு பண்ணுங்க தம்பி: ஏறு, இறங்கு, நிறுத்து. கோச் அதைப் பக்கத்துல இருக்கற பேக்குக்குச் சொல்லணும், அவன் நடு ஆளுக்கு, நடு ஆள் அந்தப் பக்கத்துக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வார்த்தை. எதிர் போஸ்ட் கண்ணுக்குத் தெரியலைன்னா ரெஃப்ரியே ஆட்டத்தை நிறுத்திடுவார்.