புதுப்பிப்பு: ரத்தக்கட்டியை எடுத்த பிறகும் அப்பாவின் கை ஏன் அசையவில்லை?

முந்தைய பதிவில் கேட்டது இதுதான்: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மூளை ரத்தக்குழாயில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள், குழாய் நன்றாகத் திறந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அப்புறம் ஏன் வலது கை அசையவில்லை?

எம்ஆர்ஐ படத்தை வைத்து மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குழாய் திறப்பது ஒன்று, அதற்குள் எவ்வளவு மூளைத் திசு இறந்துபோனது என்பது வேறு. பெரிய குழாய் திறந்தாலும் நுண்குழாய்களில் ஓட்டம் திரும்பாமல் போவதும் உண்டு. அப்பாவுக்குப் பாதிப்பு சிறியதுதான். ஆனால் அது கையை இயக்கும் நரம்புப் பாதையிலேயே இருக்கிறது. அளவைப் போலவே இடமும் முக்கியம் என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சிடி ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் பகுதி ரத்தக்கசிவா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. சிகிச்சையின்போது செலுத்தும் சாயமும் அப்படித்தான் தெரியும். அது பெரும்பாலும் ஓரிரு நாளில் மங்கிவிடும், ரத்தம் அவ்வளவு சீக்கிரம் மறையாது. அடுத்த சிடியில் அது இல்லை.

2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கட்டி எடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் 90 நாளில் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் அது 26.5 சதவீதம். அதனால் முதல் வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய நான் தயாராக இல்லை. இயன்முறைப் பயிற்சி தினமும் நடக்கிறது. கட்டைவிரல் லேசாக மடங்குகிறது, தோளும் கொஞ்சம் உயர்கிறது. 90-ஆம் நாள் பரிசோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.