கலைச்சொல்: குவில்ட் – ‘ஒட்டுப் போர்வை’ வேண்டாம் என்பதற்கு ஒரு வழக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மேலும் கீழும் துணி, நடுவே பஞ்சு என அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும் ‘குவில்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இந்த இழை (நூல் இழை அல்ல, மடல் இழை) நீண்டுகொண்டே போய், இப்போது பெரும்பாலோர் ‘ஒட்டுப் போர்வை’யில் வந்து நிற்கிறீர்கள். நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் எதிர்ப்பையும் கேளுங்கள். அந்தச் சொல்லை ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கியவள் நான். அதனால் வந்த வினையைக் கண்ணால் பார்த்தவளும் நான்தான்.

என் தம்பி மனைவி தன் முதல் குழந்தைக்குத் தன் கையாலேயே ஒன்று தைக்க விரும்பினாள். தையல் இயந்திரம் அவளுக்குப் பழக்கம், குவில்ட் புதிது. நான் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அதில் ஒரு வரி: “ஒட்டுப் போர்வை முழுவதும் 4 அங்குலத்துக்கு ஒரு தையல் இருக்க வேண்டும்.” அவள் துணியை 4½ அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலத் தையல் இடம் விட்டு இணைத்தாள். இணைத்து முடித்தபோது ஒவ்வொரு சதுரமும் சரியாக 4 அங்குலம். ஆக, 4 அங்குலத்துக்கு ஒரு தையல் வந்தாயிற்று! பிறகு அதைப் பஞ்சின் மேல் விரித்து, அடியில் ஒரு துணி வைத்து, நான்கு ஓரமும் தைத்து முடித்துவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது சலவையில் உள்ளே இருந்த பஞ்சு பிய்ந்து ஒரு மூலையில் உருண்டு திரண்டது. நடுவில் இரண்டு துணிகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின.

“அண்ணி, நீங்கள் எழுதியபடியேதானே செய்தேன்?” என்று கேட்டாள். எழுதியபடியேதான் செய்திருந்தாள். நான் சொல்ல நினைத்த தையல் வேறு. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊடுருவிப் போகிற தையல். ‘ஒட்டுப் போர்வை’ என்று தலைப்பிட்ட குறிப்பைப் படிக்கிறவருக்கு, தையல் என்றால் ஒட்டுகளுக்கு இடையில் வருவது என்றுதானே தோன்றும்?

இனி, இழையில் வந்த கருத்துகளுக்கு வருகிறேன்.

> குவில்ட் என்றாலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்வதுதானே. ஒட்டு என்ற சொல் இல்லாமல் எப்படி?

துண்டுத் துணி இல்லாத குவில்ட்டும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்த ஒன்று இருக்கிறது. டிரிஸ்டன் என்ற இடைக்கால ஐரோப்பியக் கதைவீரனின் காட்சிகளைத் தையலாலேயே புடைப்பாக எழுப்பியிருக்கிறார்கள். இரண்டு லினன் துணிகள், நடுவே பருத்திப் பஞ்சு, அவ்வளவுதான். வண்ணவண்ணத் துண்டுகளை இணைத்த மேல்துணி அங்கே இல்லை. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய குவில்ட்டுகளில் ஒன்றையே நம் சொல் வெளியே நிறுத்திவிடுகிறது.

மறுபுறமும் பாருங்கள். நூறு துண்டுகளை இணைத்து ஒரு திரைச்சீலை தைக்கிறேன். உள்ளே பஞ்சும் இல்லை, அடித்துணியும் இல்லை. அது ஒட்டுவேலைதான், ஆனால் குவில்ட் இல்லை. குவில்ட் என்ற சொல்லே இலத்தீனில் மெத்தை, திண்டு என்று பொருள்படும் ‘குல்கிட்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பிறந்தபோதே அது உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சு. மேலே தெரியும் துண்டுகளைப் பற்றியது அல்ல.

‘போர்வை’யிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் நான் அடிக்கடி தைப்பவை எவை? சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணி, சாப்பாட்டு மேசை விரிப்பு, மடிக்கணினி உறை, குழந்தை குப்புற விழுந்து தவழப் பழகும் விரிப்பு, மதிய உணவுப் பை. எல்லாமே இதே வேலைதான். எதையும் போர்த்திக்கொள்ள முடியாது. ‘ஒட்டுப் போர்வைப் பாத்திரப்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி இன்னொன்று. இடைக்கால ஐரோப்பியப் போர்வீரர்கள் கவசத்துக்கு அடியிலும், கவசம் இல்லாதபோது அதற்குப் பதிலாகவும் அணிந்தது அதைத்தான்.

> ‘துன்னம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே? சிலப்பதிகாரத்தில் ‘துன்னகாரர்’ வருகிறார்கள்.

ஐயா, சொல் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் துன்னம் என்றால் பொதுவாகத் தையல். துன்னகாரர் என்றால் தையற்காரர். நமக்கு வேண்டியது தையலுக்குள் ஒரு வகை. அதோடு, பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று வருவது வறுமையில் வாடும் பொருநனின் கந்தல். அதைக் களையச் செய்துதான் அரசன் அவனுக்குப் புத்தாடை தருகிறான். அந்த அடியைப் படித்த யாருக்கும் துன்னல் என்றதும் கந்தலே நினைவுக்கு வரும். ‘கந்தை’ என்று முன்மொழிந்த தங்கைக்கும் இதுவே பதில். வங்கத்துக் கந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நீங்கள் காட்டியது சரி. ஆனால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்த எந்தத் தாய், பிறந்த குழந்தையைக் கந்தையில் சுற்றுவதாகச் சொல்லச் சம்மதிப்பாள்?

இருந்தாலும் அந்தக் கந்தா எடுத்துக்காட்டு எனக்குப் பெரிய உதவி செய்தது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சிறுசிறு ஓட்டுத் தையலால் முழுவதையும் இணைப்பது அது. பெரும்பாலும் உள்ளே பஞ்சே வைப்பதில்லை. சில நேரம் இரண்டு அடுக்கு, சில நேரம் நான்கைந்து. எனவே நான் முதலில் மனத்தில் வைத்திருந்த ‘மூவடுக்கு’ம் அடிபட்டுப் போனது, பஞ்சை வைத்துப் பெயர் சூட்டலாம் என்ற எண்ணமும் அதோடு போயிற்று. குவில்ட்டிலும் கந்தாவிலும் பொதுவாக மிஞ்சுவது இவ்வளவுதான்: அடுக்க வேண்டும், அடுக்கியதை ஊடுருவித் தைக்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: குவில்ட்டிங் = அடுக்குத்தையல். வினையாக: அடுக்கித் தை. பொருளாக: அடுக்குத்தையல் போர்வை, அடுக்குத்தையல் பை, அடுக்குத்தையல் மேலங்கி. தைப்பவர் அடுக்குத்தையலர். (கடைசியாகச் சொன்னது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, தெரியும். ‘அடுக்கித் தைப்பவர்’ என்றால் போதும்.) குவில்ட் என்ற பெயர்ச்சொல்லுக்குத் தனிச்சொல் வேண்டாம் என்பது என் துணிபு. தோசைக்கல் இருக்கும் வீட்டில் தோசைக்குத் தனியாக ஒரு விளக்கம் யாரும் தருவதில்லை. தொழிலுக்குப் பெயர் வந்துவிட்டால் பொருளின் பெயர் தானே பின்னால் வரும்.

அப்படியானால் துண்டுகளை இணைப்பதற்கு? அதைக் கைவிடவில்லை. சொல்லப்போனால் அங்கேதான் தமிழ் நம்மைவிட முன்னால் போய் நிற்கிறது. நாம் ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலைகளைக் கலந்துகொண்டிருக்கிறோம். கிழிந்த இடத்தின் மேல் வேறு துணியை வைத்துத் தைப்பது ஒட்டுப் போடுதல். ஒரு துணியின் மேல் இன்னொன்று உட்கார வேண்டும். ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கி ‘அப்ளிகே’ என்று சொல்லும் வேலைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: ஒட்டுத்தையல். ஆனால் இரண்டு துணிகளின் ஓரங்களைச் சேர்த்து ஒரே பரப்பாக்குவதை நாம் ஒட்டு என்பதில்லை; மூட்டுதல் என்கிறோம். கைலியை வாங்கி வந்து மூட்டுகிறோம், ஒட்டுவதில்லை. சதுரங்களை, முக்கோணங்களை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பது மூட்டுவேலை.

இந்த வேறுபாடு தைக்கிறவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இழையில் ஒருவர் ‘இதெல்லாம் சொல் விளையாட்டு’ என்றார். மூட்டும்போது வரும் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு வரிசைக்கு 9 சதுரங்கள் என்றால் நடுவில் 8 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் தையல் வெறும் அரைக்கால் அங்குலத்தில் பாதி உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கமும் சேர்த்து அரைக்கால் அங்குலம் குறையும். வரிசை முழுவதற்கும் ஓர் அங்குலம். அடுத்த வரிசையை நீங்கள் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தாது. உடை தைத்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். உடையில் தையல் இடம் தாராளம், இங்கே கால் அங்குலம்தான். அடுக்கித் தைக்கும்போது இந்தக் கவலை இல்லை. ஒரு கோடு சற்று வளைந்தால் வளைந்த கோடு, அவ்வளவுதான். அங்கே வரும் சிக்கல் வேறு: இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டும் முன்னே தள்ளும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். அதற்காகத்தான் மேலேயும் துணியைப் பிடித்து நகர்த்தும் தனிப் பாதம் மாட்டுகிறோம். (ஆங்கிலத்தில் ‘வாக்கிங் ஃபுட்’. அதை ‘நடைபாதம்’ என்று எழுதலாம் என ஆசை, எல்லோரும் நடைபாதை என்று படித்துவிடுவார்கள்.) பிழையும் கருவியும் திருத்தமும் வேறு வேறு என்றால் சொல்லும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. நடுவில் வைப்பதற்குத் ‘திணிப்பு’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தலையணைக்குள் திணிக்கலாம்; இது தாள்போல விரிக்கும் பொருள். ‘நடுப்பஞ்சு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கம்பளியிலும் பாலியெஸ்டரிலும் வருகிறது. சிலர் தேய்ந்த பழைய போர்வையையே வைக்கிறார்கள். ‘நடுவடுக்கு’ என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். மேலே இருப்பது மேல்துணி, கீழே அடித்துணி. இதில் சண்டைக்கு இடமில்லை. அடுக்குகள் நகராமல் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்கு நூலோட்டுதல் என்றே சொல்லலாம். ஊக்கு குத்தினால் ஊக்கு குத்துதல்.

அன்புடன்.

—

மறுமொழி:

அம்மா, உங்கள் மடலை இருமுறை படித்தேன். ‘அடுக்குத்தையல்’ சரி. ஆனால் அடுக்குவது முன்வேலை மட்டும்தானே? நூல் ஊடுருவிப் போவதுதான் உயிர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ‘ஊடுதையல்’ என்பதே கூர்மையாக இல்லையா? சிறியதாகவும் இருக்கிறது.

—

மறுமொழி:

நண்பருக்கு: ‘ஊடு’ மேல் கை வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை தறி. பாவு நெடுக்கில், ஊடு குறுக்கில். ஊடுதையல் என்றால் குறுக்கு நூலில் ஏதோ தைக்கிறீர்கள் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்வோம். துணி சார்ந்த கலைச்சொல்லில் நெசவாளர் சொல்லோடு மோதுவது நல்லதல்ல. அக்கா சொன்ன அடுக்குத்தையலுக்கு என் வாக்கு. ‘மூட்டுவேலை’க்கு இரண்டு வாக்கு, அனுமதித்தால்.

—

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. ஊடுதையல் எனக்கும் முதலில் தோன்றியதுதான், கூர்மையான சொல். தறிக்காரத் தம்பி சொன்ன காரணம் எனக்குத் தோன்றவில்லை. என் காரணம் எளியது: ‘ஊடித் தைத்தேன்’ என்று சொல்லிப் பார்த்தேன், யாரோடோ கோபித்துக்கொண்டு தைத்ததுபோல இருந்தது.

நேற்றுக் குறிப்பைத் திருத்தித் தம்பி மனைவிக்கு அனுப்பினேன். பழைய வரி இருந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “சதுரங்களை மூட்டி மேல்துணியை முடிக்கவும். அடித்துணி, நடுவடுக்கு, மேல்துணி மூன்றையும் அடுக்கி, நூலோட்டிப் பிடித்துக்கொள்ளவும். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடுக்கித் தைக்கவும். இரண்டு வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது நடுவடுக்கின் உறையில் அச்சாகியிருக்கும். சிலவற்றுக்கு 3, 4 அங்குலம், ஊசியால் குத்தி இறுக்கிய வகைகளுக்கு 8, 10 அங்குலம் வரை.” அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அப்படியென்றால் மூட்டுத் தையலின் மேலேயே அடுக்குத்தையல் போடலாமா, அல்லது தள்ளிப் போட வேண்டுமா?” இரண்டு தையலையும் அவளே பெயர் சொல்லிப் பிரித்துக் கேட்டாள். போடலாம் என்று எழுதினேன்.

சுற்றிலும் ஓரத்தை மூடித் தைக்கும் பட்டைக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. ‘பட்டி’ என்றால் சட்டையின் பொத்தான் பட்டியோடு குழம்புமா? தையற்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.