வேலித் தூணைப் பிடுங்கியதற்கு அழைப்பாணை: சட்ட உதவி பெறுவது எப்படி?

எழுவான்கரை (கேள்வி):
வணக்கம். மட்டக்களப்பில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. சென்ற மாதம் அவர்கள் புதிதாக நட்ட மூன்று கொங்கிரீட் தூண்களை, காணி உறுதிப்படி (உரிமைப் பத்திரம்) அவை எங்கள் காணிக்குள் நிற்கின்றன என்று சொல்லி, என் தம்பி பிடுங்கி எறிந்துவிட்டான். முறைப்பாட்டின் பேரில் பொலிஸுக்குப் போனவன், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிட்டிருக்கிறான். இப்போது தண்டனைச் சட்டக்கோவை 410 ஆம் பிரிவின் கீழ் அழைப்பாணை வந்துள்ளது. சட்டத்தரணி வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

வளவுக்காரன்:
தூண்களின் விலையைக் கொடுத்துச் சமாதானமாகிவிடுங்கள். மூன்று தூணுக்காக ஏன் நீதிமன்றப் படியேற வேண்டும்?

நீதிமன்ற வாசல்:
பணம் கொடுப்பது பிழையில்லை. ஆனால் சட்டத்தரணியிடம் கேட்காமல் கொடுத்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு அதைக் காட்டக்கூடும். 410 என்பது பிறர் சொத்துக்கு 50 ரூபா அல்லது அதற்கு மேற்பட்ட சேதம் விளைவிப்பதற்குரிய பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. (1883 இல் வந்த சட்டக்கோவை என்பதால்தான் அந்த 50 ரூபா, இன்று எந்தத் தூணும் அதில் அடங்கிவிடும்.) எனினும் சேதம் நடந்தது என்பது மட்டும் போதாது; பிறருக்கு முறையற்ற நட்டம் விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்ற அறிவோ இருந்ததை வழக்குத்தொடுநர் நிரூபிக்க வேண்டும். தன் காணி என்று தம்பி நேர்மையாக நம்பியிருந்தால் உறுதியும் நில அளவைப் படமும் அதற்குச் சான்றாகும். எல்லை யாருடையது என்பதை இந்த வழக்கு தீர்க்காது; அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. வாக்குமூலத்தை அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கித் திருத்த இடமளித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

படுவான்கரை:
1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி கிடைப்பார். அழைப்பாணை, அடையாள அட்டை, உறுதி, வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றுடன் வழக்குத் தவணைக்குச் சில நாள் முன்னரே செல்லுங்கள். முதல் நாள் மாலை ஓடிப்போவதில் பயனில்லை. தவணைக்குத் தம்பி போகாவிட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம். தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு விடயத்தை அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். அங்கே இரு தரப்பும் சட்டத்தரணியின்றி நேரடியாகவே பேச வேண்டும். விடயம் தீரும் வரை அந்தத் தூண்களை யாரும் தொட வேண்டாம்.

எழுவான்கரை:
நன்றி. உறுதி அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. திங்கட்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.