பாடம் முடிந்ததும் நோட்டில் என்ன எழுதுவது? கழித்தலில் மாட்டிக்கொண்டேன்

நாலாம் வகுப்பு டீச்சர்:
ஈராசிரியர் பள்ளி. நாலும் ஐந்தும் என்னிடம். இரண்டு மாதமாகப் பள்ளி விட்டதும் அன்றைய பாடத்தைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். திருப்பிப் படித்தால் எல்லாப் பக்கமும் ஒரே புலம்பல்: "இன்று சரியாகப் போகவில்லை." கடன் வாங்கிக் கழித்தலை மூன்று முறை நடத்தியாயிற்று. 302 - 178 கொடுத்தால் இன்னும் பாதிப்பேருக்குத் தப்பு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கேட்கலாம் என்றால் கூச்சம். அங்கே எல்லாரும் நன்றாக வந்த பாடத்தின் போட்டோவைத்தான் காட்டுகிறார்கள்.

சாக்பீஸ் தூள்:
தப்பு சரி, என்ன விடை போட்டார்கள் டீச்சர்?

நாலாம் வகுப்பு டீச்சர்:
அதை எழுதி வைக்கவே இல்லை சார். நாளை பார்த்துச் சொல்கிறேன்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
பார்த்துவிட்டேன். ஒன்பது பேர் 276. நான்கு பேர் 174. ஒருத்தி 124 என்று சரியாகப் போட்டு, பக்கத்துப் பையனைப் பார்த்து அழித்து 276 ஆக்கியிருக்கிறாள்!

சாக்பீஸ் தூள்:
பாருங்கள், இது ஒரு தப்பு அல்ல, இரண்டு. 276 போட்டவர்கள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் பூஜ்யம் போக ஏழு. கடன் வாங்கவே இல்லை. 174 போட்டவர்கள் வாங்கினார்கள். ஆனால் பூஜ்யத்தைத் தாண்டி நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் கூட்டத்துக்கு நடத்தியதையே இவர்களுக்கும் நடத்தினால் எப்படி?

இவர்களுக்கு விளையாட்டுப் பணம் கொடுங்கள். மூன்று நூறு, இரண்டு ஒரு ரூபாய். கடைக்காரருக்கு 178 தர வேண்டும். ஒரு நூறுக்குப் பத்து பத்து ரூபாய்த் தாள், அதில் ஒன்றுக்குப் பத்து ஒரு ரூபாய். கையில் 2 நூறு, 9 பத்து, 12 ஒன்று. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்ப்பார்கள்.

பழைய பயிற்றுநர்:
ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவது நடத்தியவரைப் பற்றி அல்ல, பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்பதைப் பற்றி. நம் கூட்டத்தில் அவ்வளவுக்கு நேரம் கிடைக்காது. 276, 174 இரண்டு பக்கத்தையும் பெயரை மறைத்துக் கொண்டுபோய், "இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள் அம்மா. வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போட்டுவிடாதீர்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்:
கேட்டேன். ஐந்தாம் வகுப்பிலும் 174 வருகிறது என்று மூன்று பேர் சொன்னார்கள், யாரும் சிரிக்கவில்லை. இன்று நால்வருக்கும் பணம் கொடுத்துப் பார்த்தேன். மூவருக்கு வந்துவிட்டது. நாலாவது பையன் நூறு ரூபாயைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டான். "கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்டா!" என்று மற்ற மூன்றும் கத்தின. அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டேன்.