பாசி எடுக்கும் பெண்கள் பற்றிய காமிக்ஸ்: அச்சுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பாம்பனில் இருந்து எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவில் முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி 32 பக்கக் காமிக்ஸ் ஒன்றை வரைந்து முடித்திருக்கிறேன். ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, 200 பிரதிகள், சொந்தச் செலவு.

கடலுக்கு அடியில் நடக்கும் பக்கங்கள்தான் இதன் உயிர். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சை அடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அந்த நீரை இந்தியன் இங்கில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறத்தில் தீட்டினேன். ஜெராக்ஸில் மாதிரி எடுத்தால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடுகிறது. அவர்கள் முகம் தெரியாமல் இந்தப் புத்தகம் வரக் கூடாது. டிஜிட்டல் அச்சில் இந்தச் சாம்பல் நிற்குமா? ஆஃப்செட் என்றால் 200 பிரதிக்குப் பிளேட் (அச்சுத் தகடு) செலவு கட்டுப்படியாகுமா? கோடுகளையும் சாம்பல் நிறத்தையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டுமா?

அப்புறம் பைண்டிங். நடுவில் பின் அடித்தால் எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கிவிடும். குறைந்த பிரதிகளுக்கு நூல் தையல் போடுபவர்கள் மதுரையிலோ சிவகாசியிலோ இருக்கிறார்களா?

சொந்தமாகக் காமிக்ஸ் அச்சிட்டவர்கள், எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்) என்று சொன்னால் பெரிய உதவி. முதல் பிரதிகள் பாசி எடுக்கும் அக்காமார் வீடுகளுக்குத்தான் போகின்றன.